நடுவு வலிக்காரர் பைக் வாங்கப் போகும்போது

கன்னியாகுமரி மாவட்டத்தில், கல்குளம், விளவங்கோடு பக்கம் இடுப்பு வலி என்று சொல்கிறவர்கள் குறைவு. 'நடுவு வலிக்கு' என்பதுதான் பேச்சு. மூட்டை தூக்கினால் நடுவு, தண்ணீர்க்குடம் தூக்கினால் நடுவு, தினமும் தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்கு வண்டியில் போய்வந்தாலும் நடுவு. ஆசானிடம் (எங்கள் ஊர் நாட்டு வைத்தியர்) போய் எண்ணெய் போட்டுத் தடவிக்கொண்டு வந்தால் இரண்டு நாள் சுகமாக இருக்கும். மூன்றாம் நாள் காலை மறுபடியும் அதே வண்டியில்தானே ஏற வேண்டும்?

ஏற்கெனவே முதுகில் கோளாறு உள்ள ஒருவர், வேலைக்குப் போய்வர முதன்முதலாக ஒரு பைக் வாங்குகிறார் என்றால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? மைலேஜ், கலர், இஎம்ஐ பற்றியெல்லாம் சொல்ல ஊரில் ஆள் நிறைய உண்டு. இங்கே நான் முதுகின் கட்சியை மட்டும் பேசுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். வலி இடுப்போடு நிற்காமல் முழங்காலுக்குக் கீழே இறங்குகிறது, கால் மரத்துப்போகிறது என்றால் எலும்பு மருத்துவரைப் பார்த்து, வண்டி ஓட்டலாமா என்று கேட்டுவிட்டுப் பிறகு ஷோரூம் போங்கள். பாதத்தில் பலம் குறைந்து செருப்பு நழுவுகிறது, உட்காரும் இடத்தில் உணர்ச்சி குறைகிறது, சிறுநீர் போவதில் திடீரென்று மாற்றம் தெரிகிறது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

சொகுசு என்றால் சாய்ந்து உட்காருவது என்று நினைத்ததுதான் நான் செய்த முதல் தப்பு. கால்களை முன்னால் நீட்டி, ஈசிசேரில் கிடப்பதுபோல ஓட்டும் க்ரூஸர் வகை வண்டி ஒன்றை வாங்கினேன். சீட் நல்ல அகலம், மெத்துமெத்தென்று இருந்தது. ஷோரூமில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தபோது நம் நடுவுக்கென்றே செய்த வண்டி என்று தோன்றியது. இரண்டே மாதத்தில், வில்லுக்குறி தாண்டுவதற்குள் ஒரு கையை எடுத்து இடுப்பில் ஊன்றிக்கொள்கிற நிலைக்கு வந்துவிட்டேன்.

ஏன் அப்படி ஆனது என்று புரிய ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போதும். முதுகைச் சாய்க்காமல் அதில் உட்காருங்கள். பாதங்கள் இரண்டும் முழங்காலுக்கு நேர் கீழே, தரையில் பதிந்திருக்கட்டும். கையை ஊன்றாமல் எழும்புங்கள். எழும்ப முடியும். மறுபடி உட்கார்ந்து, இந்தத் தடவை கால்களை ஒன்றரை அடி முன்னால் நீட்டி வையுங்கள். இப்போது கையை ஊன்றாமல் எழும்பிப் பாருங்கள். முடியாது; உடம்பு நாற்காலியோடு ஒட்டிக்கொண்டதுபோல இருக்கும். அப்படியே உட்கார்ந்தபடி ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்பின் குழிவைத் தொட்டுப் பார்த்தால் குழிவு காணாமல் போயிருக்கும்.

க்ரூஸரில் எனக்கு நடந்தது இவ்வளவுதான். இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் இருக்கின்றன. நிற்கும்போது அந்த இடம் லேசாக உள்ளே வளைந்திருக்கும். அந்த வளைவோடு இருக்கும்போது பாரம் ஒழுங்காக இறங்கும். காலை நீட்டியதும் தொடையின் பின்தசை இழுக்கிறது, இடுப்பெலும்பு பின்னால் உருள்கிறது, முதுகு கூன் போடுகிறது. முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்குகள் முன்பக்கம் நசுங்கிப் பின்பக்கம் பிதுங்கப் பார்க்கும். நரம்புகள் இருப்பதும் அந்தப் பின்பக்கத்தில்தான். தொந்தரவு அதிகம் வருவது கீழிருந்து எண்ணினால் முதல் இரண்டு டிஸ்க்குகளில். இந்தக் கோலத்தில் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினால் அடி எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நாற்காலியில் எழும்ப முடியாததுபோல, பைக்கிலும் எழும்பிக் கொடுக்க வழியில்லாமல் வால் எலும்பு வழியாக அத்தனை குலுக்கலும் நேரே மேலேறுகிறது.

முக்கோணம்

பைக்கில் உடம்பு மூன்று இடத்தில் தொடுகிறது: கைப்பிடி, சீட், கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட். இந்த மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம். உங்கள் எடையை இந்த மூன்றும் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும். கால் வாங்காத பங்கு முதுகுக்குப் போகும், அல்லது மணிக்கட்டுக்குப் போகும்.

ஸ்போர்ட்ஸ் பைக்கில் கைப்பிடி தாழ்வாக, ஃபுட்ரெஸ்ட் உயரமாகப் பின்னால் இருக்கும். குப்புறக் கவிழ்ந்து ஓட்ட வேண்டும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது எதிர்காற்று நெஞ்சைத் தாங்கிக் கொஞ்சம் பாரத்தைக் குறைக்கும். மார்த்தாண்டம் சந்திப்பில் முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது எந்தக் காற்று வந்து தாங்கும்? மணிக்கட்டும் கழுத்தும் இடுப்பும்தான் தாங்க வேண்டும். கல்லூரிப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுவோம்.

நமக்கு வேண்டியது நடுவாந்தரம். ஃபுட்ரெஸ்ட் கிட்டத்தட்ட சீட்டின் முன்பாதிக்கு நேர் கீழே இருக்க வேண்டும். முழங்கால் செங்கோணமாகவோ அதைவிடக் கொஞ்சம் விரிந்தோ இருக்க வேண்டும். கைப்பிடியைப் பிடிக்கும்போது முழங்கை விறைக்காமல் லேசாக மடங்கியிருக்க வேண்டும். தோள் முன்னால் இழுபடக் கூடாது. உடம்பு நட்ட கம்பம்போல நேராக இருப்பதைவிட, ஒரு பொட்டு முன்னால் சாய்ந்திருப்பது நல்லது. 100 முதல் 125 சிசி வரையுள்ள சாதாரண பைக்குகள் பெரும்பாலும் இந்த அமைப்பில்தான் இருக்கின்றன. பத்திரிகை போடுகிறவரும் பாலுக்குப் போகிறவரும் எந்த வண்டியை வாங்குகிறாரோ அதையே நீங்களும் வாங்க வேண்டியிருக்கும். கெத்து குறையும், பரவாயில்லை.

ஷோரூமில் வண்டியை மெயின் ஸ்டாண்டில் போடச் சொல்லி ஏறி உட்காருங்கள். கூட வந்தவரைப் பக்கவாட்டில் நின்று போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். நம் முதுகு நமக்குத் தெரியாது. படத்தில் கூன் தெரியும். பிறகு நாற்காலியில் செய்ததையே இங்கேயும் செய்யுங்கள்: கைப்பிடியை இழுக்காமல், காலை மட்டும் அழுத்தி சீட்டிலிருந்து ஓர் அங்குலம் எழும்ப முடிகிறதா? முடிந்தால் அந்த வண்டி முதல் வடிகட்டலில் தேறிவிட்டது.

அந்த ஓர் அங்குலம்தான் தினமும் உங்களைக் காப்பாற்றப் போகிறது. வேகத்தடை வரும்போது வேகத்தைக் குறைத்து, பாதத்தை அழுத்தி, பின்புறத்தை சீட்டிலிருந்து சற்றே விடுவித்தால் முழங்கால் இரண்டும் ஸ்பிரிங் ஆகிவிடும். பார்க்கிறவருக்கு நீங்கள் எழும்பியதே தெரியாது. பெயிண்ட் அடிக்காத வேகத்தடைகள் நம் மாவட்டத்தில் எத்தனை என்பது ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

ஸ்கூட்டரா, பைக்கா?

இதைக் கேட்காதவர் இல்லை. ஸ்கூட்டரில் காலை விரித்துத் தாண்டி ஏற வேண்டாம், கியர் இல்லை, சாமான் வைக்க இடம் உண்டு. ஒரு காலைத் தூக்கி மறுபக்கம் போடவே வலிக்கிறது என்பவருக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் முதுகின் கட்சியில் நின்று பார்த்தால் அதில் மூன்று குறை இருக்கிறது.

கால் முன்னால் உள்ள பலகையில் இருப்பதால் எழும்பிக் கொடுப்பது கஷ்டம். சக்கரம் சிறியது: ஆக்டிவாவில் முன்னால் 12 அங்குலம், பின்னால் 10. ஸ்ப்ளெண்டர், ஷைன் 125 போன்றவற்றில் இரண்டும் 18. ஒரே குழியில் பெரிய சக்கரம் மேலாகத் தாண்டிப் போகும், சின்னச் சக்கரம் உள்ளே இறங்கி ஏறும். மூன்றாவது குறை வெளியே தெரியாது. சாதாரண பெட்ரோல் ஸ்கூட்டரில் எஞ்சினும் பின்சக்கரமும் ஒரே துண்டாகச் சேர்ந்து ஆடும். சக்கரம் குழியில் குதித்தால் எஞ்சினும் சேர்ந்தே குதிக்கிறது. அத்தனை கனத்தையும் ஷாக் அப்சார்பர் அடக்க வேண்டியிருப்பதால் உதை கூடுதலாக மேலே வரும்.

வடசேரியிலிருந்து கோட்டாறு வரை என்பதுபோல, ஊருக்குள் கொஞ்ச தூரம்தான் என்றால் ஸ்கூட்டர் வாங்குங்கள். ஜூபிட்டர்போல இரண்டு பக்கமும் 12 அங்குலச் சக்கரம் உள்ளதாகப் பாருங்கள், பாதத்தை முழங்காலுக்குக் கீழே கொண்டுவர பலகையில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டத்து ஏற்ற இறக்கங்களில் தினமும் போகிறவர், மேற்கே நான்குவழிச் சாலை வேலைக்காகத் தோண்டிப் போட்ட இடங்களைக் கடக்கிறவர் என்றால் பைக்தான் என்பேன். ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம் இது. தண்ணீர் நிறைந்த குழியின் ஆழம் சக்கரம் இறங்கிய பிறகுதான் தெரியும்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று. முப்பந்தலில் காற்றாலைகளை வைத்ததே அந்தக் கணவாய்க் காற்றுக்காகத்தான். ஆடி மாதம் அந்தக் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது லேசான ஸ்கூட்டர் தள்ளாடும். நாம் பயந்து தோளையும் முதுகையும் விறைத்துக்கொள்வோம். வண்டி குலுங்காமலே வலி வரும் வழி இது.

பால்காரரின் ஸ்பிரிங்

க்ரூஸரை விற்றுவிட்டு, பழைய 125 சிசி வண்டி ஒன்றை வாங்கினேன். உட்காரும் கோணம் சரியாக இருந்தது. ஆனாலும் சின்னச் சின்ன மேடு பள்ளமெல்லாம் இடுப்பில் 'டக் டக்' என்று தெரிந்தது. திங்கள்சந்தையில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். வண்டியை அவர் ஸ்டார்ட் பண்ணவே இல்லை. குனிந்து பின்பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"சாரே, முன்ன வச்சிருந்த ஆளு என்ன சோலிக்கு ஓட்டினாரு?"

"பால் கேன் கட்டி ஓட்டினதாச் சொன்னாரு."

"அதாக்கும் விஷயம். ஸ்பிரிங்கக் கடைசிப் பல்லுல ஏத்தி வச்சிருக்கு. ஒத்தைக்குப் போற ஆளுக்கு இது எதுக்கு?"

கொக்கிபோல் வளைந்த ஒரு ஸ்பேனரை எடுத்து, ஸ்பிரிங்கின் அடியில் இருந்த வளையத்தில் மாட்டி, 'கடக், கடக்' என்று மூன்று தடவை திருப்பினார். மறுபக்கமும் அதே மூன்று. ஐந்து நிமிட வேலை. டீக்குக் கொடுத்த காசைக்கூட வாங்கத் தயங்கினார்.

பின்னால் இரண்டு ஷாக் அப்சார்பர் உள்ள சாதாரண பைக்குகளில் பெரும்பாலும் இப்படி ஐந்து படி வைத்திருப்பார்கள். படியை ஏற்றினால் ஸ்பிரிங் முன்கூட்டியே அழுத்தப்பட்டு நிற்கும். கனம் ஏற்றினாலும் வண்டி தாழாது. ஆனால் தனியாள் ஏறினால் சின்ன மேட்டுக்கு அது அசையாது. அது அசையாதபோது நம் முதுகு அசைகிறது. தனியாக ஓட்டினால் முதல் படி அல்லது இரண்டாவது படி, பின்னால் ஆள் ஏறினால் அதற்கு மேல். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். புது வண்டி எடுக்கும்போதும் எந்தப் படியில் இருக்கிறது என்று கேளுங்கள். கேட்கிற ஆளே குறைவு என்பதால் கொஞ்சம் முழிப்பார்கள்.

குலுக்கல் எல்லாம் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். உட்கார்ந்திருக்கும் மனிதனின் முதுகெலும்பு, நொடிக்கு ஏறக்குறைய 4 முதல் 6 தடவை ஆடும் மெதுவான ஆட்டத்துக்குத்தான் மிக அதிகமாகக் குலுங்கிக் கொடுக்கும். லாரி, டிராக்டர் ஓட்டுகிறவர்களுக்கு இடுப்பு வலி அதிகம் வருவதில் இந்த ஆட்டத்துக்கும் பங்கு உண்டு. ஆகவே கல்லாக இருக்கும் சஸ்பென்ஷனும் ஆகாது, மேட்டில் ஏறி இறங்கிய பிறகும் தொட்டில்போல் ஆடிக்கொண்டே இருப்பதும் ஆகாது. பழைய வண்டி பார்க்கும்போது பின்சீட்டை இரண்டு கையாலும் அமுக்கி விடுங்கள். ஒரு தடவை எழும்பி நின்றுவிட வேண்டும். இரண்டு மூன்று தடவை ஆடினாலோ, ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்த கறை இருந்தாலோ மாற்ற வேண்டிவரும். அந்தக் காசை விலையில் கழியுங்கள்.

டயர் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். பல சாதாரண பைக்குகளுக்குத் தனியாள் ஓட்டும்போது முன்னால் 25, பின்னால் 28 பிஎஸ்ஐ என்ற கணக்கை ஒட்டித்தான் சொல்லியிருப்பார்கள். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கும். கேட்காமல் விட்டால் காற்று அடிக்கிற கடையில் தாராளமாக 35, 40 வரை ஏற்றிவிடுவார்கள். ஒரு மாதம் தாங்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். டயர் கல்லாகிவிடும்.

சீட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, கையை மடக்கிக் குத்திப் பாருங்கள் என்பதைத் தவிர. அடியில் உள்ள பிளாஸ்டிக் தட்டு முட்டியில் தட்டுப்பட்டால் அந்த மெத்து ஷோரூமுக்கு மட்டும்தான். கொஞ்சம் கெட்டியான, தட்டையான, டேங்கை நோக்கிச் சரியாத சீட் நீண்ட தூரத்துக்கு நல்லது. மற்றதெல்லாம் சரியாக இருந்து சீட் மட்டும் சரியில்லை என்றால் வண்டியை ஒதுக்க வேண்டாம். சீட் தைக்கிற கடையில் ஃபோமை மாற்றித் தருவார்கள்.

ஓட்டாத நேரத்து வலி

என் நடுவு மிக மோசமாகப் பிடித்துக்கொண்டது வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது அல்ல. வீட்டுச் சரிவில் அதைப் பின்னோக்கித் தள்ளி ஏற்றியபோது. மேற்கே பல வீடுகள் ரோட்டைவிட மேலேயோ கீழேயோதான் இருக்கும். சரிவுப் பாதையில் வண்டியைத் திருகித் திருப்பாமல் தினமும் விடியாது. ஆகையால் கனத்தைக் கட்டாயம் பாருங்கள். ஸ்ப்ளெண்டர் பிளஸ் ஏறக்குறைய 112 கிலோ. ஷைன் 125 அதை ஒட்டித்தான். பிளாட்டினா 100 சுமார் 117. ராயல் என்ஃபீல்டின் கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. புல்லட் வகையில் உட்காரும் கோணம் மோசமில்லை, ஓடும்போது சுகமாகவும் இருக்கும். ஆனால் வீட்டு வாசலில் அந்த 80 கிலோ வித்தியாசத்தை யார் தள்ளுவது? ஷோரூம்காரர் என்ன நினைத்தாலும் சரி, வண்டியை இறங்கி நின்று முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள்.

சீட் உயரமும் இதோடு சேர்ந்ததுதான். ஸ்ப்ளெண்டர் பிளஸ் 785 மில்லிமீட்டர், ஷைன் 125-ல் 791, பிளாட்டினா 100-ல் 807. கேட்க ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம்தான். ஆனால் நிற்கும்போது இரண்டு பாதத்தின் முன்பாதியாவது தரையில் நன்றாகப் பதியவில்லை என்றால், ஒவ்வொரு சிக்னலிலும் இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து ஒற்றைக்காலில் நிற்பீர்கள். குள்ளமானவர் உயரமான வண்டி வாங்கிப் படும் பாடு இது. உயரமானவர் தாழ்ந்த வண்டி வாங்கினால் முழங்கால் மடங்கி மேலே வந்து, முதுகு மறுபடியும் கூன் போடும்.

செல்ஃப் ஸ்டார்ட் இல்லாத மாடலை விலை குறைவென்று எடுக்காதீர்கள். கிக்கரை உதைப்பது முறுக்கும் உதையும் சேர்ந்த வேலை. மெயின் ஸ்டாண்ட் போடும்போது வண்டியைக் கையால் தூக்கவும் கூடாது. ஸ்டாண்டின் இரண்டு காலும் தரையைத் தொட்டதை உறுதி செய்துகொண்டு, வலது பாதத்தை அதில் வைத்து முழு எடையையும் கீழே இறக்கினால் வண்டி தானாக ஏறும். கை வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொள்ள மட்டும். லேப்டாப் பையைத் தோளில் மாட்டாமல் பின்சீட்டில் கட்டுங்கள். இடுப்பு பெல்ட் போடுவது பற்றி உங்கள் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். பெல்ட் இருக்கிறதே என்று தப்பான வண்டியை வாங்க வேண்டாம்.

டெஸ்ட் ரைடுக்கு ஷோரூம்காரர் காட்டும் ரோடு எப்போதும் நல்ல ரோடாகத்தான் இருக்கும். கொஞ்சம் தள்ளி, வேகத்தடையும் உடைந்த தாரும் உள்ள தெருவில் விடச் சொல்லிக் கேளுங்கள். அங்கேயும் பத்து நிமிடத்துக்கு மேல் தர மாட்டார்கள், பத்து நிமிடத்தில் முதுகு எதையும் சொல்லாது. எனவே அதே மாடல் வைத்திருக்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவல் வாங்கி, தினமும் போகிற வழியில், போகிற நேரத்துக்குப் போய்வாருங்கள். தீர்ப்பை அன்றைக்கே எழுதக் கூடாது. மறுநாள் காலை எழுந்ததும் குனிந்து சாக்ஸ் போட்டுப் பார்க்க வேண்டும்.

போன மாதம் என் மைத்துனருக்கு இரண்டு மாடல் மேல் கண் இருந்தது. முதலாவதை இரவல் வாங்கி நாகர்கோவில் போய்வந்த மறுநாள், கட்டிலில் உட்கார்ந்து காலைத் தூக்கி வைத்துத்தான் சாக்ஸ் போட்டாராம். அடுத்த வாரம் மற்றதை ஓட்டினார். திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு போன் வந்தது: "அத்தான், நின்னுட்டே போட்டேன்." மத்தியானம் அட்வான்ஸ் கட்டிவிட்டார்.